இசக்கியம்மாளின் தோள்பட்டை

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் ஒரு அக்குபஞ்சர் கிளினிக்கில் குப்புறப் படுத்திருந்தேன். முதுகு நிறைய ஊசி. அசையக்கூடாது என்று உத்தரவு. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஊசிக்குப் பயந்து அல்ல... டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு.

"உங்க தெருவுலேர்ந்து இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு வந்துகினு இருந்துச்சு. தோள்வலி நல்லா குறைஞ்சிகினு வந்த நேரத்துல வர்றத நிறுத்திடுச்சு. ஏன்னு தெரியுமா சார்?"

தெரியாமல் என்ன? எங்கள் ஒரகடம் வீட்டு மாடியில் குடியிருக்கும் தென்காசிப் பெண். கார் கம்பெனியில் லைன் வேலை. ஷிப்ட் முழுக்க வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஸ்க்ரூ முடுக்க வேண்டும். தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்? ஊசி குத்திக்கொண்டதில் தேவலை என்று சந்தோஷமாக வந்து சொன்னாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு அது வருமா? "எல்லாம் மனப்பிரமைம்மா" என்றேன். அவளுடைய ரூம் பெண்கள் எதிரிலேயே. சிரிக்கவும் செய்தேன்.

அப்புறம் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லாமல் அதே கிளினிக்குக்கு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன். அடுத்தவர் வலிக்குத்தானே தத்துவம்?

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஊசி இறங்கியதும் நரம்பு மூளைக்குச் சேதி சொல்கிறதாம். மூளை எண்டார்ஃபின் என்று ஒன்றைச் சுரக்கிறதாம் — உடம்பே தயாரிக்கும் வலி மருந்து. குணமாகும் என்று நம்பினாலும் அது சுரக்குமாம். ஊசியின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம்.

அந்த நம்பிக்கையைத்தான் நான் சிரித்துக் கெடுத்திருக்கிறேன். நேரே மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இசக்கியம்மாள் இடது கையால் தலை சீவிக்கொண்டிருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்தால் வலது கை இப்போது காதுக்கு மேலே போவதில்லை.

"அப்பம் எனக்கு நெசமாவே வலிச்சிருக்கா சார்? மனசுலதான்னு நீங்க சொன்னியல்லா... அதான் சூப்பர்வைசர்ட்ட வேற லைன் கேக்கல. பொய் சொல்லுதேன்னு நெனைப்பாவன்னு பேசாம இருந்துட்டேன்."

நான் சொன்னது வலி குறைந்ததைப் பற்றி. அவள் வலியையே சந்தேகப்பட்டிருக்கிறாள். படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று!

நாளைக்கே லைன் மாற்றிக் கேள், கிளினிக்குக்கு நானே கூட்டிப் போகிறேன் என்றேன். தலை நிமிரவில்லை எனக்கு. சரி என்றவள், கோபமே இல்லாமல் கேட்டாள்:

"ஒங்க இடுப்பு தேவலையா சார்?"

தேவலைதான். அதைச் சொல்லத்தான் அவ்வளவு வெட்கமாக இருந்தது.