தின்னர் துணி

சங்கரன்கோவிலில் என் காருக்குப் பெயிண்ட் அடித்தவர் ஒல்லியான மனிதர். எதைக் கொடுத்தாலும் முதலில், பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நடிகரின் படம் இருக்கும்.

ஒருநாள் வாடகைக் கார் டிரைவர் ஒருவர், டேஷ்போர்டு மூடியைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். அதில் மார்க்கரால் போட்ட கையெழுத்து, அந்த நடிகரின் போட்டி நடிகருடையது.

“வெயில்ல மங்குது அண்ணாச்சி. அழியாம இருக்க மேல கண்ணாடி மாதிரி கிளியர் கோட் அடிச்சுத் தாங்க.”

பெயிண்டர் கையெழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு தின்னர் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தார்.

“அழுக்கு இருந்தா கிளியர் புடிக்காது வே.”

டிரைவர் குனிந்து மூடியில் கையெழுத்தைத் தேடினார். இவரோ வெறும் மூடிக்கு, ஒரு தூசி விழாமல், நிதானமாகக் கிளியர் அடித்துக் கொடுத்தார்.

“இனி ஆயுசுக்கும் அழியாது.”

அந்தப் பளபளப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் காரை இன்றும் அவரிடம்தான் விடுகிறேன்.