பைப்படித் தமிழ்

“குடிடா, ஆறிப்போகுது. குடிக்காட்டி அடிப்பன்.”

எங்கள் பங்குச் சுவாமியாரைப் பார்த்து இப்படிச் சொன்ன மனுஷி, எனக்குத் தெரிந்து, கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒருவர்தான். கோபத்தில் சொன்னது அல்ல. முதல்முறையாகத் தன் வீட்டுக்கு வந்த பெரிய மனிதருக்குத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் கோப்பையைக் கையில் பிடித்தபடி கதைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து, அன்பு பொறுக்காமல் சொன்னது. வாசலில் நின்ற அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சுவாமியார் ஒரு கணம் விழித்தார். பிறகு மடமடவென்று குடித்து முடித்து, சின்னப் பிள்ளை மாதிரிக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். சீனியக்காவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

சீனாக்கார அக்கா என்றுதான் கூப்பிடத் தொடங்கினோம். எங்கள் வாயில் பட்டு அது சீனியக்கா ஆயிற்று. அவருடைய கணவர், சைக்கிளில் பெரிய துணிமூட்டை கட்டி, “லஸ்ஸன ரெதி, நோனா” என்று, அழகான துணி அம்மா என்று, சிங்களத்தில் கூவிப் பட்டும் லேஸ் துணியும் விற்றவர். அவரைச் சீனியண்ணன் ஆக்கினோம். சீனி என்றால் என்னவென்று அந்த மனுஷனுக்குக் கடைசிவரை தெரியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார். நாலைந்து சிங்களச் சொற்களுக்கு மேல் இந்த நாட்டிலிருந்து அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வியாபாரத்துக்கு அது போதும் என்று நினைத்தார் போலும்.

நாங்கள் இருந்த இடத்துக்குப் பெயர் தோட்டம். பூச்செடி எதையும் கற்பனை செய்ய வேண்டாம். எதிரெதிராக இரண்டு வரிசை லைன் வீடுகள், நடுவில் ஒரு பொதுக் குழாய், அவ்வளவுதான் தோட்டம். குழாயில் தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம். பெண்களின் நீதிமன்றம், செய்தித்தாள், நாடக மேடை எல்லாம் அந்தப் பைப்படிதான். சீனியக்கா வந்த புதிதில் அந்தப் பக்கமே வரவில்லை. எல்லோரும் பிடித்து முடிந்த பிறகு, நீல நிறச் சட்டையும் காற்சட்டையுமாக மெல்ல வந்து குழாயைத் திருகுவார். அது வெறும் காற்றை விடும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெறும் வாளியோடு திரும்பிப் போவார். இந்தக் கூத்தைச் சில நாள் கவனித்த அம்மா ஒரு காலையில் நேரே அவர் வீட்டுக்குள் போய், வாளியைப் பிடுங்கி வந்து வரிசையில் தன் குடத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு அவரது கையைப் பிடித்து இழுத்து, “வாடி” என்றார். சீனியக்கா கற்ற முதல் தமிழ்ச் சொல் அது.

மற்ற சொற்களும் அங்கிருந்தே வந்தன. இதில்தான் சிக்கல். என் அம்மாவிடம் இரண்டு தமிழ் இருந்தது. விருந்தாளிக்கும் வீட்டு வாடகை வாங்க வருபவருக்கும் ஒன்று, “வாங்கோ, இருங்கோ” என்று பன்னீர் தெளித்தது. பிள்ளைகளான எங்களுக்கு மற்றது. “எழும்படி சனியனே” என்று விடியும், “வாயை மூடிட்டுப் படு” என்று இருட்டும். சீனியக்காவின் காதில் பகல் முழுக்க விழுந்தது இரண்டாவது தமிழ்தான். அம்மா எங்களைப் பார்த்துச் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகினார். ‘ழ’ அவருக்கு வராது. எங்கள் தோட்டத்தில் வேறு யாருக்கும் வராது என்பதால் அது குறையாகத் தெரியவில்லை.

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பாவுக்குத் தன் தமிழில் பெருமை உண்டு. ஒரு வெளிநாட்டுப் பெண் இப்படிக் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. சிலேட்டை எடுத்து வைத்து, ‘நான் வருகிறேன், நீங்கள் வருகிறீர்கள்’ என்று முறையாகத் தொடங்கினார். சீனியக்கா மரியாதையாக உட்கார்ந்து கேட்டார். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, பைப்படியில் அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார்: “உன்ட மனுசன் இப்பிடி யாரோடடி கதைக்கிறான்?” அம்மா சிரித்துவிட்டார். யாரோடும் இல்லைதானே. அத்தோடு சிலேட்டு பெட்டிக்குள் போயிற்று.

சீனியக்கா எங்கள் வாழ்க்கைக்குள் வந்து சேர்ந்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அப்பக்காரியிடம் கடன் சொல்லப் பழகினார். முகத்துவாரத்திலிருந்து மீன் கொண்டு வருபவனின் கூடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிக்கப் பழகினார். அம்மா கொடுத்தனுப்பிய பலகாரத் தட்டை முதல்முறை கழுவித் துடைத்து வெறுமையாகத் திருப்பித் தந்தார். அடுத்த வீட்டுக்காரி அப்படித் தரமாட்டாள் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து, இரண்டாம் முறை தட்டில் நாலு தேசிக்காய் வைத்துத் தந்தார். மார்கழி நத்தார்ப் பெருநாளுக்கு மாவில் பொதிந்து ஆவியில் அவித்த ஏதோ ஒன்றை, துணி போட்டு மூடி, தோட்டத்தின் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே எங்கள் காரமான கொச்சிக்காய்ச் சம்பல் இருந்தது. அவர் ஊரில் அப்படி வைப்பார்களா என்று அம்மா கேட்டதற்கு, “இது எங்கட ஊர்தானே” என்றார்.

இதை நான் எழுதுவது லண்டனில், மகள் வீட்டு மாடியில். வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. என்னிடம் இருப்பது கன்னியர்மடப் பள்ளியின் சுத்தமான ஆங்கிலம். பிழை பிடிக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்மணி மழையைப் பற்றி ஒன்று சொல்வார், நான் பனியைப் பற்றி ஒன்று சொல்வேன், இருவரும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம். இந்த மொழியில் யாரும் என்னை ஏசியதில்லை. நானும் யாரையும் ஏசியதில்லை. கோபம் வந்தால் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துத் தமிழில் முணுமுணுத்துவிட்டு வருகிறேன். சீனியக்கா தொட்ட இடத்தை நான் தொடவேயில்லை என்று தெரிகிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

நாங்கள் அப்படித் தோட்டத்தில் இருந்தபோதுதான் இரண்டாம் உலகச் சண்டைக் காலம் வந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னால் மலைநாட்டில் துணி நன்றாக விற்கும் என்று சீனியண்ணன் சைக்கிளும் மூட்டையுமாக ரயிலேறிப் போயிருந்தார். யேசு உயிர்த்த பாஸ்கு ஞாயிறு காலையில், பூசை முடிந்து வரும் நேரம், வானத்தில் ஜப்பான் விமானங்கள் வந்தன. துறைமுகப் பக்கம் புகை எழுந்தது. அன்று மத்தியானமே கொழும்பு காலியாகத் தொடங்கியது. மாட்டு வண்டி, தள்ளுவண்டி, எது கிடைத்ததோ அதில், கிடைக்காதவர்கள் நடந்தே, சனம் போயிற்று. எங்கள் தோட்டத்தில் அரைவாசி வீடுகளுக்குப் பூட்டு விழுந்தது. அப்பா துறைமுக வேலையை விட்டு அசைய முடியாது. அப்பா இல்லாமல் அம்மா அசைய மாட்டார். ஆகவே நாங்கள் இருந்தோம்.

அடுத்த நாள் ஒரு மோட்டார் வண்டி தோட்டத்து வாசலில் வந்து நின்றது. புறக்கோட்டையில் பல் கட்டும் சீனக்காரரும் அவர் மனைவியும். குருநாகலுக்குப் போகிறவர்கள், சீனியக்காவையும் கூட்டிப்போக வந்திருந்தார்கள். சொந்த ஊர்க்காரர், சொந்த மொழி, வண்டியில் இடம். நீண்ட நேரம் கதைத்தார்கள். சீனியக்கா வாசற்படியை விட்டு எழும்பவில்லை. கடைசியில் அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “இவன் வா எண்டு சொல்றான். நான் போனா, அவன் வந்து யாரைக் கேப்பான்?” அம்மாவும் போகச் சொல்லித்தான் பார்த்தார். வண்டி அவர் இல்லாமல் போயிற்று.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மலைநாட்டில் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாத, மொழியும் தெரியாத மனுஷன் சீனியண்ணன். அவருக்குத் திரும்பி வரத் தெரிந்த ஒரே இடம் அந்த லைன் வீடுதான். அது பூட்டிக் கிடந்தால் இருவரும் ஒருவரையொருவர் தேடியே முடிந்துபோவார்கள். பகலில் வாசலிலே இருந்தார், இருட்டினால் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் பாய் போட்டார்.

ஊரில் கதை ஒன்று கிளம்பியது. யாரோ கண்ணாடியில் வெயிலடித்துக் காட்டித்தான் விமானங்களுக்கு வழி சொன்னார்களாம். பயந்த சனத்துக்கு ஒரு முகம் வேண்டும். சில நாள் கழித்து, பின்னேரம் தண்ணீர் வந்த நேரத்தில், ஐந்தாறு ஆண்கள் தெருவிலிருந்து தோட்டத்துக்குள் வந்தார்கள். இரண்டு பேரின் கையில் தடி. “எங்க அந்த ஜப்பான்காரி?” என்று கேட்டான் முன்னால் வந்தவன். சீனியக்கா அப்போதுதான் வாளியை நிரப்பி நிமிர்ந்தார். அவரைச் சீனர் என்று காட்டும் கடுதாசிகள் கணவரோடு மலைநாட்டில் சுற்றிக்கொண்டிருந்தன. வரிசையில் நாங்கள் நாலைந்து பெண்கள்தான். அம்மா குடத்தைக் கீழே வைத்தார். அதற்குள் அவன் வாளியைக் காலால் தட்டிவிட்டான். தண்ணீர் முழுக்கச் சேற்றில் ஓடியது.

“ஏண்டா மூதேவி, கண் என்ன பிடரியிலயா கிடக்கு?”

அம்மாதான் கத்துகிறார் என்று நினைத்து நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் வாய் மூடியிருந்தது.

“காஞ்சு கிடந்து பிடிச்ச தண்ணிடா. உன்ட அம்மாவாடா வந்து நிரப்புவா? தடியன் மாதிரி வளந்தாப் போதுமா, கொள்ளையில போவானே? எடுடா வாளியை. எடு எண்டு சொல்றன்.”

குரலின் ஏற்றம், ‘டா’வில் கொடுத்த இழுப்பு, தலையை வெட்டின வெட்டு, எல்லாம் அம்மா. சேலையே கட்டாத அந்த மனுஷியின் இடது கை, இல்லாத முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியது. முன்னால் நின்றவன், தாயிடம் பல்லாயிரம் தடவை ஏச்சு வாங்கிய எந்தக் கொட்டாஞ்சேனைக்காரனும் செய்வதைச் செய்தான். குனிந்து வாளியை எடுத்தான். “இல்லக்கா… தெரியாமப் பட்டிட்டு” என்றான். பின்னால் யாருக்கோ சிரிப்பு வந்துவிட்டது. வயதான ஒரு துறைமுகத் தொழிலாளி தடியைக் கீழே போட்டுவிட்டு, “டேய், ஜப்பான்ல இருந்து வந்தவளுக்கு இந்த வாய் வருமாடா? வாங்கடா போக” என்றார். போவதற்கு முன் முதலாமவன் வாளியைக் குழாயடியில் சரியாக வைத்துவிட்டுத்தான் போனான்.

சீனியக்கா தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். பின்னாலேயே போன அம்மா, அவர் வாளிப்பிடியை விடாமல் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். அம்மாவைக் கண்டதும் சீனியக்கா கேட்டது ஒன்றுதான்: “நான் சொன்னது சரியாடி?” அம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ஒரு பிழையும் இல்லடி” என்றார். அன்று இராச்சாப்பாட்டின் போது, “நான் இப்பிடியா ஏசுறனான்?” என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா புத்திசாலி. மீன்முள்ளைக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

வருடப் பிறப்பும் போயிற்று. சீனியண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சீனியக்கா சாப்பாட்டைக் குறைத்தார், கதையைக் குறைத்தார். பைப்படியில் அவர் வாயைக் கிளறிப் பார்க்க அம்மா வேண்டுமென்றே சண்டைக்கு இழுத்தும் பலன் இல்லை. இனி வரமாட்டார் என்று பெண்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு மத்தியான வேளை தோட்டத்து வாசலில் அவர் நின்றார். சைக்கிள் இல்லை, மூட்டை பாதியாகியிருந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மலைநாட்டில் யாரோ ஜப்பான்காரன் என்று பிடித்துக் கொடுக்க, பொலிசில் கடுதாசியைக் காட்டியும் தன்னை விளங்கப்படுத்த வாயில் மொழி இல்லாமல், யாரோ ஒரு துரை வந்து பார்க்கும்வரை அடைபட்டுக் கிடந்தாராம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நாங்கள் கண்டது, சீனியக்கா வாசற்படியிலிருந்து எழும்பியதைத்தான்.

அதுவரை அவர்கள் இருவரும் தங்கள் மொழியில்தான், தாழ்ந்த குரலில், கதைத்துக் கேட்டிருக்கிறோம். அன்று சீனியக்காவின் வாயிலிருந்து வந்தது தமிழ். “எங்கடா போய்த் தொலைஞ்சாய்? சனியனே, இவ்வளவு நாளும் எங்கடா கிடந்தாய்? தின்னியாடா? பாரு உன்ட கோலத்தை. இனிப் போ, காலை முறிப்பன்.” மூச்சு விடாமல் ஏசினார். கண்ணால் தண்ணீர் ஓட ஓட ஏசினார். ஒரு சொல்கூட அவருடைய ஊர்ச் சொல் இல்லை. பைப்படியில் நின்ற அத்தனை பேரும் அழுதோம்.

சீனியண்ணனுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. மூட்டையை இறக்கவும் தோன்றாமல் மனைவியையே பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அம்மாவிடம் கேட்டார்: “மொகத கியன்னே?” என்ன சொல்கிறாள் என்று.

சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வாருங்கள்’ என்று பொருள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “என்ன கியனவா” என்றார். வரச் சொல்கிறாள். அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போனார்.