டேப்பின் மறுமுனை

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது எனக்கே நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகல் இரண்டரை மணிக்கு.

பழைய இடிபாடுகளை அளந்து வரைபடம் போடுவது என் பிழைப்பு. டேப்பின் முனையில் இருக்கும் இரும்பு வளையத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு "பிடிச்சாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவர் சுருளோடு போய் அளவைப் படிக்க வேண்டும். எனக்கு வளையம் பிடிப்பவன் என் மனைவியின் தம்பி. ஆள் ஒட்டடைக்குச்சி. வாய் மட்டும் ஓயாது. "மாமா" போடாமல் அவனுக்கு ஒரு பேச்சு வராது.

அன்று போனது அதிகம் பேர் பார்க்காத ஒரு நிலத்தடிக் குடியிருப்பு. மேலே வெறும் மேய்ச்சல் நிலம். கீழே, அந்தக் காலத்தில் எதிரிப் படை வந்தபோது ஓர் ஊரே ஒளிந்துகொள்ளப் பாறையில் குடைந்த அறைகள். விளக்கு மாடம், தண்ணீர்த் தொட்டி, புகை போகத் துளை... எனக்கு வாயெல்லாம் பல்.

மச்சினன் வாசலில் நின்றான். நான் சுருளின் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு உள்ளே தவழ்ந்தேன்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு மாமா. சீக்கிரம் வாங்க, பசிக்குது."

ஒரு சின்ன அறைக்கு வந்து சேர்ந்தேன். அளவை எழுதக் குனிந்தேன்...

பொதபொதவென்று மண் சரிந்தது. வாசல் பக்கம். என் தலைவிளக்கு பாறையில் மோதி அணைந்தது.

கத்தினேன். பதில் இல்லை. என் மகள் அப்போது ஆறு மாதக் கைக்குழந்தை. அவள் முகத்தை இனிப் பார்க்கவே முடியாதோ என்று நினைத்ததும் அழுதுவிட்டேன்.

அப்போது டேப் அசைந்தது.

சர்ர்ர்... மெதுவாக இறுகியது. யாரோ மறுமுனையை இழுக்கிறார்கள்.

போன உயிர் திரும்பி வந்தது. டேப் போகும் வழிதானே வாசல்! அதைத் தடவிக்கொண்டே தவழ்ந்தேன்.

"பிடிச்சிருக்கியாடா?"

"பிடிச்சாச்சு."

அவன் குரல்தான். ஆனால் "மாமா" இல்லை.

தரை கீழ்நோக்கிச் சரிந்தது. வரும்போது சமமாகத்தானே இருந்தது...

"இன்னும் எவ்வளவு தூரம்டா?"

"பிடிச்சாச்சு."

இந்த முறை, காதுக்குப் பக்கத்தில்.

எனக்குப் பின்னால், வெகு தொலைவில், ஓர் அலறல்.

"மாமா! இந்தப் பக்கம் வாங்க! மண்ணைத் தள்ளிட்டேன்!"

"டேப்பை நீ பிடிக்கலையா?"

"மண்ணு சரிஞ்சப்பவே விட்டுட்டேன் மாமா!"

சுருளை விட்டேன்.

வார் விடவில்லை.

இழுத்தது...

பல்லால் கடித்தேன்.

மறுபடி இழுத்தது...

அறுந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. முகத்தில் வெயில் பட்டதும் மச்சினன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். இன்றும் அவன்தான் வளையம் பிடிக்கிறான். ஆனால் குரல் கொடுக்க நான் விடுவதில்லை.

சில வாரம் கழித்து அகழாய்வுக்காரர் ஒருவர் போன் செய்தார். நான் தவழ்ந்து போன அந்தச் சரிவின் கடைசியில் சுருள் கிடந்ததாம். டேப் ஒரு கல்சுவருக்கு அடியில் போயிருந்ததாம். கத்தி நுனிகூட நுழையாத இடம். அந்தச் சுவரை உள்ளே ஒளிந்தவர்களே கட்டி அடைத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால், வரிசையாக உட்கார்ந்த எலும்புக்கூடுகள்.

முதல் கூட்டின் விரல் அந்த வளையத்துக்குள் மடங்கியிருந்தது. டேப்பை எடுக்க விரலை உடைக்க வேண்டியதாகிவிட்டதாம்.