தோளில் பிள்ளை வைத்த மாதா

விட்பி நகரில் மகள் வீட்டில் எனக்குத் தந்த அறையின் சுவரில் ஒரேயொரு படம். மஞ்சள் தாளில் கறுப்பு மையால் அச்சடித்தது. பசிபிக் தீவுப் பெண்ணொருத்தி மார்போடு துணியைச் சுற்றிக் கட்டி நிற்கிறாள். தோளில் ஏறியிருக்கும் பிள்ளை அவள் தலையில் கன்னத்தைச் சாய்த்திருக்கிறது. இரண்டு தலைகளையும் சுற்றி மெல்லிய வட்டம். அந்த வட்டங்கள் இல்லாவிட்டால் மாதாவும் யேசுபாலனும் என்று எவரும் சொல்லமாட்டார்கள். படத்தின் பெயர் அந்தத் தீவு மொழியில் 'மரியே வாழ்க' என்பதாம். கண்ணாடியில் மூன்று கீறல்.

முன்பு சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் கட்டடமொன்றில் பதினேழாம் மாடியில் நாங்கள் இருந்தபோது, வீடு மாறிப்போன யாரோ அதை உடுப்புத் தோய்க்கும் அறையில் விட்டுப் போயிருந்தார்கள். மனைவி தூக்கிவந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மாதா படத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் கொழுவினாள்.

"உது குளிக்கப் போற பொம்பிளை மாதிரியெல்லே நிக்குது," என்றேன்.

"பிள்ளையைப் பாருங்கோ. தோளில ஏறுற வயசுக்கு வந்திட்டுது."

நான் பார்க்கவில்லை. ஊரில் பிறந்த எங்கள் முதல் பிள்ளை நாற்பத்தொரு நாள்தான் இருந்தான். அவனைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இந்த நாட்டுக்கு வந்தபின் பிறந்த மகளுக்கும் சொல்லவில்லை.

அந்தப் படத்தின் முன்னால்தான் தினமும் செபமாலை. 'அருள்நிறைந்த மரியே' பத்துத் தரம் சொன்னால் அடுத்த பத்துக்குப் போகவேண்டும். அவள் பதினொன்று சொல்வாள். மாடிப்படி, பஸ் தரிப்பு, மாத்திரை என்று எல்லாவற்றையும் எண்ணுகிற எனக்கு அது பொறுக்காது.

"பதினொண்டு சொல்லிப்போட்டீர்."

"மாதா கோவிக்க மாட்டா. நீங்கள்தான் கோவிக்கிறியள்."

ஒருநாள் செபமாலையை அவள் கையிலிருந்து பறித்து நானே மணி உருட்டத் தொடங்கினேன். அதோடு பத்து பத்தாகவே நின்றது. ஒவ்வொரு பத்தின் முடிவிலும் அவள் உதடு கொஞ்சநேரம் அசையும். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். திருத்திவிட்டேன் என்ற பெருமையும் இருந்தது.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நான் பத்தை முடித்து அடுத்த மணிக்குப் போனபோது என் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளைக்கு ஒண்டு கிடக்கு."

செபமாலையில் ஐந்து பத்து; பத்துக்கு ஒன்றாக நாளுக்கு ஐந்து, நான் மணி உருட்டத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். நாற்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. அவ்வளவையும் சத்தமில்லாமல் சொல்லியிருக்கிறாள்.

செபமாலை அவள் கையோடு பெட்டிக்குள் போய்விட்டது. இப்போது அந்தப் படத்தின் முன்னால் இருந்து விரல்விட்டு எண்ணுகிறேன். நேற்று, கதவடியில் நின்ற மகள் சொன்னாள்:

"அப்பா, பதினொண்டு சொல்லிப்போட்டியள்."

"ஓம் பிள்ளை. எண்ணித்தான் சொன்னனான். வந்து இதில இரும்."