அப்பா தெரியாது என்று சொன்ன சனிக்கிழமை

ஜெர்மன் பேசும் துன் நகரில் நாங்கள் அகதிகளாகக் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் எவரையும் நம்பக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அவர் வீட்டில் இருக்கிறாரா என்று யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லவேண்டும். எட்டு வயதுக்குள் நான் அதில் நன்றாகத் தேறிவிட்டேன். ஒருமுறை என் வகுப்பு ஆசிரியை தொலைபேசியில் கேட்டபோது, எந்த அப்பா என்று திருப்பிக் கேட்டு அவரைக் கலங்கடித்திருக்கிறேன்.

அப்பா அதிகம் சந்தேகப்பட்டது கீழ்வீட்டுக் கிழவரை. செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த காலத்தில் எல்லை தாண்டி ஓடிவந்தவர், தனிக்கட்டை. அழைப்பு மணியில் தன் பெயரைப் போடாமல், முன்பு குடியிருந்தவரின் பெயரையே விட்டுவைத்திருந்தார். எந்நேரமும் ஜன்னலருகே இருந்து தெருவில் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் கறி மணப்பதை வீட்டு நிர்வாகத்துக்குச் சொல்வது அவர்தான் என்பது அம்மாவின் கட்சி. அதைவிடப் பெரிய இடங்களுக்கும் சொல்கிறார் என்பது அப்பாவின் கட்சி. நான் இரண்டு கட்சியிலும் சேர்ந்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் மணி அடித்தது. வாசலில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி, கையில் சின்னப் பயணப்பையுடன் நின்றார். கிழவர் கடைக்குப் போயிருந்ததால் கீழே யாரும் திறக்கவில்லை, மேலே ஏறி வந்திருக்கிறார். தட்டுத்தடுமாறிய ஜெர்மனில் ஏதோ பெயர் சொல்லி, ஒரு கறுப்புவெள்ளைப் போட்டோவை நீட்டினார். அதில் ஓர் இளைஞன் சைக்கிளோடு நின்றான். அந்த அகன்ற காதுகளைக் கண்டதுமே அது கீழ்வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

அப்பா போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார். பிறகு தெரியாது என்றார். இந்தக் கட்டடத்தில் அப்படி ஒருவரும் இல்லை என்றும் சொன்னார். அந்தப் பெண்மணி நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கீழ்வீட்டு மனிதரைத்தானே தேடுகிறார், ஏன் மறைத்தீர்கள் என்று அம்மா கேட்டார்.

"கொழும்பில தம்பியைத் தேடி வந்தவங்களும் இப்பிடித்தான் போட்டோவோட வந்தவங்கள். லொட்ஜ்காரன், மேல இருக்கிறார் எண்டு சொன்னவன்."

சித்தப்பாவை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. எங்கள் வீட்டில் அதைப்பற்றிக் கதைப்பதும் இல்லை. கிழவரை நம்பாவிட்டாலும் அவரைக் காட்டிக்கொடுக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. எனக்கு அது பெரிய பெருமையாக இருந்தது.

கிழவர் திரும்பி வந்ததும் அப்பா கீழே போனார். நானும் பின்னாலேயே போனேன். உங்களைத் தேடி ஆள் வந்தது, நான் காட்டிக்கொடுக்கவில்லை, கவனமாக இருங்கள் என்றார். அப்பா அடையாளம் சொல்லச் சொல்ல, கிழவர் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார். போட்டோவில் சைக்கிள் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றார் அப்பா. அந்தப் போட்டோவை எடுத்தவள் அவள்தான் என்றார் கிழவர்.

இருவரும் கல்யாணம் செய்ய இருந்தவர்கள். தப்பி ஓடும் திட்டத்தை அவர் அவளிடம் வேண்டுமென்றே சொல்லவில்லை. தெரியாத ஒன்றை அடித்தாலும் அவளிடமிருந்து வாங்க முடியாதல்லவா. பின்னால் ஓடிவந்த ஒருவர் சொன்னபடி, பொலிஸ் வந்து கேட்டபோதெல்லாம் அவள் தெரியாது என்றே சொன்னாளாம். ஆட்சி கவிழ்ந்த பிறகு இவர் போய்த் தேடியிருக்கிறார். அவள் வீட்டில் வேறு ஆட்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால், எல்லோரும் தெரியாது என்றார்கள்.

அப்பா கிழவரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தார். ஸ்டேஷனில் தேடினோம், ஏரிக்கரையில் தேடினோம். ஏரியின் மறுகோடியிலிருக்கும் இன்டர்லாக்கன் வரை போய், நம் ஆட்கள் சமையல் வேலைசெய்யும் ஹோட்டல் குசினிகளில் எல்லாம் அப்பா விசாரித்தார். அவர்களோ அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

"ஏன் அண்ணை, ஆரைத் தேடுறியள்? என்ன விசயம்?"

ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் கிழவர் அப்பாவின் தோளில் கை வைத்தார். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றார். நீ ஒரு நல்ல அயலவன் என்றும் சொன்னார். நாங்கள் இவ்வளவு சந்தேகப்பட்ட மனிதரே அப்பாவைப் புகழ்ந்துவிட்டாரே என்று பின் இருக்கையில் எனக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் போய் அப்பா ஏன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அப்படி அழுதார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.