அண்ணன் சொல்வார், நான் தட்டுவேன்

அந்தத் திரையில் படம் எதுவும் வராது, வெறும் எழுத்துதான். டிவியோடு ஒயர் போட்டு இணைத்த பழைய கம்ப்யூட்டர் அது. மலேசியாவில், கோப்பெங் பக்கம் ஒரு ஈயச் சுரங்கத்தில் என் அண்ணன் ஒயர்மேனாக இருந்தார். ஈயம் விலை போகாமல் சுரங்கத்தை மூடியபோது, சீமைக்குக் கிளம்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் அதையும் ஒரு விளையாட்டுக் கேசட்டையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வேலை போன மனுஷன் கையில் விளையாட்டுச் சாமானைக் கொடுத்தால் என்ன செய்வார்? விளையாடினார்.

கேசட்டைப் போட்டதும் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். "என்னடா இது, பூனை வால மிதிச்ச மாதிரி" என்று அம்மா சமையற்கட்டிலிருந்து திட்டுவார். சத்தம் அடங்கிய பிறகு எழுத்து வரும். நீ ஒரு காட்டில் நிற்கிறாய், என்ன செய்யப் போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்கும். இரண்டே சொல்லில் பதில் தட்ட வேண்டும். விளக்கை எடு, வடக்கே போ, கதவைத் திற. அதற்கு மேல் நீட்டினால் அதற்குப் புரியாது. அண்ணன் தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவர். இடைநிலைப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த எனக்குத்தான் ஏதோ கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். நான் படித்துத் தமிழில் சொல்வேன், அவர் யோசித்துச் சொல்வார், நான் தட்டுவேன். "சொன்னத அப்படியே அடி பாப்பா, நீயா ஒண்ணும் சேக்காத" என்பார்.

அந்தக் காட்டை விட்டு நாங்கள் வெளியே வந்ததே இல்லை. நாங்கள் பிறந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். மரம் என்றால் அண்ணனுக்கு அது வரிசை பிடித்து, நிரையாகத்தான் நிற்கும். "நேரா நிரையப் புடிச்சிப் போ. முடியிற எடத்துல ரோடு வரும்" என்பார். நானும் வடக்கே, வடக்கே என்று தட்டிக்கொண்டே இருப்பேன். ரோடு வராது, மறுபடியும் காடுதான். திரும்பி வந்தால் வந்த இடமும் இருக்காது. "இத எழுதுனவன் தோட்டத்தையே பாத்ததில்ல லா" என்று அண்ணன் சலித்துக்கொள்வார். ஆனால் நிரையை மட்டும் கடைசி வரை விடவில்லை.

அந்த இரண்டு சொல் பேச்சு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. "டீ கலக்கு." "சட்ட தேய்." எனக்கு வேலை செய்யச் சோம்பலாக இருந்தால், புரியவில்லை என்று மெஷின் மாதிரி விறைப்பாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவருக்குச் சிரிப்பு தாங்காது. பிறகு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. மெஷினும் ரோசாக் ஆகிவிட்டது, பழுது பார்க்க ஆள் இல்லை. அவருக்குக் கல்யாணமும் ஆனது. அம்மா போய்ச் சேர்ந்தார், பிறகு அண்ணியும் போய்ச் சேர்ந்தார், அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. நானும் கல்யாணம் கட்டவில்லை. கடைசியில் அவரும் நானும்தான் மிஞ்சினோம்.

இந்த வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. விழுங்க முடியாததால் மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். புத்தி தெளிவாக இருந்தது. பேச்சு மட்டும் இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை, அதுவும் தமிழில் மட்டும், குழறலாக. "ஃபேன் போடு." "கால் வலி." நர்சுகளுக்கு ஒன்றும் விளங்காது. எனக்கு முதல் நாளே விளங்கியது. ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒரு காலையில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். சின்ன வயது மலாய்ப் பெண், பொறுமையாகப் பேசினார். இனித் தேறுவது கஷ்டம், டியூப்பை எடுத்தால் சில நாள்தான், ஆனால் அவருக்கு வேண்டாம் என்றால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அதை அவரிடமே கேட்க வேண்டும் என்றார். உள்ளே வந்து, கட்டில் பக்கம் குனிந்து, "அங்கிள், டியூப் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?" என்று மலாயில் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "டியூப் எடு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "வீடு போலாம்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"இருக்கட்டும் என்கிறார்" என்று மலாயில் சொன்னேன்.

அவர் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அண்ணனுக்கு ஆங்கிலம்தான் தெரியாது. மலாய் என்னைவிட நன்றாகத் தெரியும், காலமெல்லாம் மலாய்க்காரர்களோடு வேலை செய்தவர். நான் சொன்னது முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கும். எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான், நான் வேறு என்ன சொல்ல முடியும்? முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் நல்ல கையை மெல்ல நகர்த்தி என் விரலைப் பிடித்தார்.

"சரி பாப்பா" என்றார்.

டியூப்பைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. காலையும் மாலையும் நான் அதில் பால் ஊற்றுகிறேன். ஊற்றி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.