பாங்குக்கு எட்டு நிமிடம் இருந்தது

என்னை அறைந்தவன் ஒரு போலீஸ்காரன். ஆனால் அறைந்தபோது அவன் காக்கியில் இல்லை, நான்காம் எண் போட்ட பனியனில் இருந்தான். கடையநல்லூரில் சாரல் மாதத்தில் நடக்கும் எழுவர் கால்பந்துப் போட்டி அது. நான் நடுவர். தென்காசியில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கிறேன். சனி ஞாயிறுகளில் சுற்றுவட்டாரத்தில் எங்கே பந்து உருண்டாலும் விசிலை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவன் சுரண்டைப் பக்கத்து அணியின் கேப்டன். கோல் முனையில் பந்தைக் கையால் தடுத்தான். பெனால்டி கொடுத்தேன். ஓடி வந்தான்.

"கள்ள விசில் ஊதுதியாலே?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் இடது கன்னத்தில் விழுந்தது.

அடி இரண்டு நாளில் சரியாகிவிட்டது. 'கள்ள விசில்' சரியாகவில்லை. எனக்கு வயல் கிடையாது, வாய்ச்சாலகம் கிடையாது, கட்சிக்காரர் பழக்கம் கிடையாது. இந்த வட்டாரத்தில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு பெயர்தான்: அவர் விசில் பொய் சொல்லாது. புளியங்குடியிலிருந்து செங்கோட்டை வரை அந்தப் பெயரை வைத்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆயிரம் பேர் பார்க்க அந்தப் பெயரின் மேல்தான் அவன் கையை வைத்தான்.

எங்கள் பக்கத்தில் ஆட்டத்தில் வந்த சண்டையை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் வழக்கம் இல்லை. போனாலும் அங்கே உட்கார்ந்திருப்பது அவன் ஆட்கள். கமிட்டிக்காரர்கள் ஒரு வேன் பிடித்து இருவரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போவார்கள். ஐந்து பிரிவாக விழும் தண்ணீரில் ஒரே பிரிவின் கீழ் இருவரையும் தோளோடு தோளாக நிற்க வைப்பார்கள். குளித்து ஏறியதும் எதிரெதிரே உட்கார வைத்து பரோட்டாவும் கோழியும் வாங்கித் தருவார்கள். அதோடு சண்டை தண்ணீரோடு போயிற்று என்று அர்த்தம். அடித்தவனுக்கும் அதே மரியாதை, அடி வாங்கியவனுக்கும் அதே மரியாதை. நியாயம் யார் பக்கம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நானும் நின்றேன். தண்ணீர் சரியாக அந்த இடது கன்னத்தில்தான் விழுந்தது. "மனசுல ஒண்ணும் வச்சுக்காதிய சார்" என்றார்கள். வைத்துக்கொள்ளவில்லை என்று தலையை ஆட்டினேன். அப்போதே வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் என்னைச் சும்மா இருக்கவும் விடவில்லை. சீசன் வந்தால் அருவிக்கரையில் பந்தோபஸ்துக்கு அவனைத்தான் போடுவார்கள். நான் விசில் ஊதிப் பிழைக்கிறவன்; அங்கே அவன் விசில் ஊதி என்னைக் கரையேற்றுவான். ஒரு வருடம் மதுரையிலிருந்து வந்த மைத்துனர் குடும்பத்தோடு போயிருந்தேன். தலை நனைந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை. "போதும், போதும், நகருங்க" என்று ஊதினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஊதினான். மற்றவர்களையெல்லாம் பார்த்துத்தான் ஊதினான். என்னைப் பார்க்கக்கூட அவனுக்கு மனமில்லை, அவ்வளவு திமிர் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். மனைவி கேட்டாள், "அருவில குளிச்சிட்டு வந்தும் ஒங்களுக்கு சூடு எறங்கலியா?"

இறங்கவில்லை. எட்டு வருடம் இறங்கவில்லை. இடையில் அவன் அணி ஆடும் ஆட்டம் வந்தால் காய்ச்சல் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். பயம் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் உலகக் கால்பந்துச் சட்டத்தை எழுதுகிறவர்கள் என் பக்கம் வந்தார்கள். நடுவர்களைச் சுற்றி வளைத்துக் கூச்சல் போடுவது எல்லா நாட்டிலும் பெரிய தொல்லையாகிவிட்டதாம். அதற்கு என்னென்ன செய்யலாம் என்று யோசனைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நடுவரிடம் கேப்டன் ஒருவன் மட்டுமே வந்து பேசலாம். கோல் காப்பவன் பந்தை எட்டு விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றால் எதிரணிக்குக் கார்னர். நடுவரின் நெஞ்சில் கேமரா. நடுவரிடம் வாய் நீட்டுகிறவனுக்கு மஞ்சள் அட்டை போதாது, சிவப்பு அதிகம், எனவே இடையில் ஒரு நீல அட்டை. வாங்கியவன் பத்து நிமிடம் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். நீல அட்டையைப் பெரிய ஆட்டங்களுக்கு வேண்டாம் என்று பிறகு ஓரம் கட்டிவிட்டார்கள். ஆனால் பத்து நிமிடம் வெளியே உட்கார வைப்பதைக் கீழ்மட்ட ஆட்டங்களில் விருப்பப்பட்டவர்கள் வைத்துக்கொள்ளலாம். விருப்பப்பட்டவனாக நான் இருந்தேன்.

செல்போனில் வந்ததையெல்லாம் படித்து, நல்ல தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். பள்ளிக்கூடத்துக்கு வினாத்தாள் எழுதும்போதுகூட அவ்வளவு சிரத்தை எடுத்ததில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் முப்பது பிரதி எடுத்தேன். நீலச் சார்ட்டை அளவாக வெட்டி அதே கடையில் லேமினேஷன் போட்டேன். கடைக்காரப் பெண் "இது என்ன கார்டு சார்?" என்று கேட்டாள். "ஒழுங்குக்கு" என்றேன்.

கமிட்டித் தலைவர் வளைகுடாவில் நெடுங்காலம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய ஒரு பாய். பழைய கமிட்டிக்காரர்கள் யாரும் இப்போது இல்லை. எனக்கும் அவனுக்கும் நடந்தது இவருக்குச் செவிவழிச் செய்திதான். அங்கே பெரிய ஸ்டேடியங்களில் ஆட்டம் பார்த்தவருக்குப் புதுச் சட்டம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"சார், நம்ம ஆட்டம் மஃரிபு பாங்கு வரைக்குந்தான. பத்து நிமிசம் முடியுமுன்ன பாங்கு சொல்லிட்டா?"

எங்கள் மைதானத்தில் விளக்கு கிடையாது. இரண்டாவது ஆட்டத்தின் பின்பாதி எப்போதும் மாலைத் தொழுகைக்கான பாங்கோடு முடியும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தால் பந்து எங்கே இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். கூடுதல் நேரம் என்ற பேச்சே இல்லை. நடுவர் கடிகாரத்துக்கு மேல் அதுதான் கடிகாரம்.

"பாங்கு சொன்னால் ஆட்டம் முடிந்தது பாய். உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றேன். சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அரையிறுதிக்கு அவன் அணி வந்தது. அந்த ஆட்டத்தை நானே கேட்டு வாங்கினேன்.

கடையநல்லூர் பஸ்ஸில் போகும்போதுதான் ஒன்று உறைத்தது. கேப்டன் மட்டும் நடுவரிடம் வரலாம் என்று எழுதி, முப்பது பிரதி எடுத்து, ஊர் முழுக்கக் கொடுத்திருக்கிறேன். கேப்டன் அவன்தான். அதாவது அன்றைய ஆட்டத்தில் பதினான்கு பேரில் என் பக்கத்தில் வந்து நிற்கச் சட்டப்படி உரிமையுள்ள இரண்டு பேரில் ஒருவன் அவன். அந்த உரிமையை அவனுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு சமாதானப்படுத்திக்கொண்டேன். வரட்டும். வந்து வாயைத் திறக்கட்டும். சட்டைப்பையில் அட்டை இருக்கிறது.

அவன் திறக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. முன்பாதியில் அவன் ஆளுக்கு எதிராக இரண்டு ஃபவுல் கொடுத்தேன், இரண்டும் சரியானவைதான். அவனுடைய பையன்கள் கையை விரித்துக்கொண்டு வந்தபோது அவனே பின்னால் இழுத்துவிட்டான். "ஏலே, சட்டம் படிச்சியா இல்லியா? போ அங்கன" என்று அதட்டினான். வயது நாற்பதை நெருங்கியிருக்கும். வயிறு லேசாக முன்னால் வந்திருந்தது. ஆனால் பின்காப்பில் அவனைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. அவன் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. இடையில் சாரல் வலுத்து இருபது நிமிடம் ஆட்டம் நின்றது. அப்போதும் ஓரமாக நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான், என் பக்கம் திரும்பவில்லை.

ஆறு முப்பத்தேழு. அன்றைக்கு ஆறு நாற்பத்தைந்துக்குப் பாங்கு. நான் காலண்டரில் பார்த்து வைத்திருந்தேன்.

பந்து வெளியே போயிருந்தது. அவன் தனியாக என்னிடம் நடந்து வந்தான். என் தாளில் எழுதியிருந்தபடியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். மூன்றடி தள்ளி நின்றான்.

"சார், பாங்குக்கு இன்னும் எத்தன நிமிசம் இருக்கு?"

இவ்வளவுதான் கேட்டான். குரலில் ஒன்றும் இல்லை. நான் எட்டு வருடமாகக் காத்திருந்தது அவன் வாயிலிருந்து வரப்போகும் ஒரு கெட்ட வார்த்தைக்கு. அது வரவில்லை, வரப்போவதும் இல்லை என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. இன்னும் எட்டு நிமிடத்தில் இவன் ஜெயித்து, கைகுலுக்கி, நல்லவனாக வீட்டுக்குப் போய்விடுவான். கன்னம் காந்தியது. விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினேன். நீல அட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

ஓரத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நிறத்தை எவரும் இதற்குமுன் பார்த்ததில்லை.

"நான் என்ன சார் சொன்னேன்?"

"வெளியே" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். எட்டு வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். பிறகு கேப்டன் பட்டையைக் கழற்றி இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. "ஏட்டு வாய் சும்மா இருந்திருக்குமா? என்னத்தையாவது சொல்லியிருப்பான்" என்று பின்னால் யாரோ சொன்னது எனக்கே கேட்டது. என் விசிலுக்கு அவ்வளவு மரியாதை.

ஆறு பேரை வைத்துக்கொண்டு அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அவன் நிற்க வேண்டிய இடம் வழியாகவே இரண்டு கோல் விழுந்தன. ஒவ்வொரு கோலுக்கும் நான் அவன் நாற்காலியைப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, அந்த எட்டு நிமிடம் எனக்குப் பரம சுகமாக இருந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. ஆட்டம் முடிந்தது.

தொழுகைக்குப் போனவர்கள் திரும்பும்வரை கமிட்டிப் பந்தலில் உட்கார்ந்து அறிக்கை எழுத வேண்டும். புதுச் சட்டத்துக்கென்று நானே தயார் செய்த படிவம். யாருக்கு அட்டை, எத்தனையாவது நிமிடம், ஆட்டக்காரர் சொன்ன வார்த்தைகள் என்ன என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. அப்போது அவன் வந்தான். செருப்பு மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பந்தலில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அன்னைக்கு பந்து என் கையிலதான் பட்டுச்சு சார்" என்றான். "எனக்குத் தெரியாதா? ஒங்க விசில் சரிதான். நாந்தான் கோட்டி புடிச்சவன் மாதிரி கைய நீட்டிட்டேன்."

நான் படிவத்தின் மூன்றாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எட்டு வருசமா ஒங்க மூஞ்சியப் பாக்க கூச்சம். அருவிக்கரைல நீங்க வந்து நின்னா எனக்கு எங்கன பாக்கன்னு தெரியாது. தண்ணியப் பாத்துட்டே ஊதுவேன்." பையை ஏற்றிப் போட்டுக்கொண்டான். "இன்னைக்கோட அந்தக் கூச்சம் போயிட்டு சார். ரொம்ப சந்தோசம்."

உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னான். பாரத்தை இறக்கி வைத்தவன் நடையில் பைக்கை நோக்கிப் போனான்.

மூன்றாவது கட்டத்தில் 'நடுவரை அவமதிக்கும் வகையில் பேசினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் மேல் இருந்த கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. இன்னும் கூடத்தான் செய்தது. தொழுதுவிட்டு வந்த பாய் தாளை வாங்கிப் படித்தார்.

"அதான பாத்தேன். ஒங்க விசில் என்னைக்கி சார் பொய் சொல்லியிருக்கு?" என்றவர், புதுச் சட்டம் கொண்டுவந்ததற்காக வாங்கி வைத்திருந்த பொன்னாடையை உறை பிரித்து எடுத்தார். மைக்கில் என் பெயரைச் சொன்னார். கலையாமல் நின்ற கூட்டம் பந்தலைச் சுற்றி வந்தது. நான் தலையைக் குனிந்தேன், அவர் போர்த்தினார், எல்லோரும் கை தட்டினார்கள். சாரலில் நனைந்து ஸ்டார்ட் ஆகாத பைக்கை உதைத்துக்கொண்டிருந்த அவனும் நிறுத்திவிட்டுத் திரும்பி நின்று கை தட்டினான்.